ஊரைக் கேட்டறிதல்

(தென்காசியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கம் தென்காசி, குற்றாலம் ஆகிய ஈரூர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் குடும்பங்கள்தோறும் ஒரு வினாத்தாளை அனுப்பி, ஊர்நலம் பற்றி அவரவர் எண்ணத்தை அறிய விழைகின்றது. அத்தாளைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அதனை அடுப்பெரிக்க இடவும் வேண்டா என்று உங்களிடம் எடுத்துரைக்குமாறு எம்மைப் பணித்தனர். அவ்வளவே கூறி அமர்தல் எளிது. ஆயினும், ஏன் கேட்கின்றோம், எங்ஙனம் கேட்டல் வேண்டும், கேட்டபின் யாது செய்தல் வேண்டும் என்னும் மூன்றும் தெளிவுறாதவிடத்து, எத்துணை அழகாக அச்சிட்ட தாளும் வெறுந்தாளேயாம். ஆதலின் அம்மூன்றையும் முறையே கூறத் துணிகின்றோம்.

முதற்கண், நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை நோக்குவோம். ‘கேள்’ என்பது வினாவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். ஒருவனை வினவிவிட்டு அவன் விடையைச் செவிமடாதவன், தமிழ் வழக்கின்படி, பாதியே கேட்டவனாவான். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்டேனும் அறிவு பெறலாம் என்பது அதன் துணிபு. தனி மனிதனுக்கு ஆகும் இது சங்கத்திற்கு ஆகாதோ?

ஊரார் கூடி ஊர்க்காரியம் ஆராய்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தொண்டைநாட்டு உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களை யாவரும் அறிவர். அவற்றினும் பழமையான சான்றொன்று நம் திருநெல்வேலிச் சீமையிலேயே உளது. மானூர்க் கோயிற் கல்வெட்டு மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தது; சற்றேறக்குறைய 1200 ஆண்டுகட்கு முற்பட்டது. ஊர்ச்சபையில் அமர்ந்து பேசுதற்கு உரியார் இன்னார் என்று வரையறுத்ததோடு, எக்காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ என மறுத்துக் காரியத்தைக் கெடுப்பாரும் அவர்க்குத் துணை நிற்பாரும் ஐந்து காசு தண்டம் இறுத்தல்வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. இக்காலத்துச் சங்கக் கூட்டங்களில் இவ்விதி நடைமுறைக்கு வருமாயின், கட்டட நிதி ஓராண்டில் நிறைந்துவிடும் என எண்ணுகின்றோம்.

நகை நிற்க. அக்கல்வெட்டில் மற்றொன்றையும் நாம் மறைத்தல் தகாது. ஊரில் நிலப்பங்கு உடையாரும் தருமநூல் அறிந்தாருமே அச்சபையில் இருந்து பேசுதற்கு உரியர். உழுதவனையும் நெல் குத்தியவளையும் அங்கு எவரும் கேட்டிலர். முன்னோர் பெருமையைப் பேசும்போது, அப்பெருமைக்குள் அடங்காதார் எத்துணைப் பேர் என்பதையும் உடன் எண்ணுதலே நேர்மை. இன்று நாம் கேட்கப் புகுவது, அன்று கேட்கப்படாதாரையும் சேர்த்துக் கேட்டற்கே.

இனி, வீடுதோறும் சென்று கேட்டு எழுதும் முறைக்கு வருவோம். 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் தம் மாணாக்கரிடம் ஒரு வினாவரிசையைக் கொடுத்து, விடுமுறையிற் கிராமங்களுக்குச் சென்று, நிலம், நீர், கூலி, கடன், உணவு, தொழில் ஆகியவற்றை உசாவி எழுதிவரப் பணித்தார். அவ்வெழுத்துக்கள் 1918இல் நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, குற்றால மலையிற் பிறக்கும் நம் சிற்றாறு பாயும் கங்கைகொண்டான். மற்றொன்று வடமலைபுரம், பிறிதொன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. இருபதாண்டு கழித்து, 1936–37இல், பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்னும் இருவர் முயற்சியால் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பெற்று, 1940இல் இரண்டாம் நூல் வெளிவந்தது. இருவேல்பட்டை அறிஞர்கள் 2008 வரையிலும் திரும்பத் திரும்பச் சென்று கண்டனர்.

இதனால் விளைந்த பயன் யாது? ‘அக்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது’ என்பார் ஒருசாரார். ‘அக்காலத்தில் ஒன்றுமே இல்லை’ என்பார் மற்றொருசாரார். கேட்டு எழுதிய தாள் இருப்பின், அவ்விருவர் வழக்கும் தீரும். கங்கைகொண்டானில் இன்று தொழிற்பேட்டை நிற்கின்றது. அங்கு நூறாண்டுக்கு முன் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை வாய்மொழியன்றி எழுத்தாலும் அறியக் கூடுகின்றது. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் அத்தகையதொரு தாள் நம் கையில் உளதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.

‘அரசாங்கம் எடுக்கும் கணக்கு இருக்க, நமக்கு ஏன் இவ்வேலை?’ என்பாரும் உளர். மக்கட்கணக்கு 1871 தொட்டு நடந்துவருவது. அதனோடு நம் போன்ற சாதிச் சங்கங்களுக்கு உள்ள உறவு பழையது. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் சாதிகளை உயர்வு தாழ்வுப்படி நிரல்படுத்த முற்பட்டபோது, ‘எம்மை மேலே எழுதுக, எம் பெயரை மாற்றி எழுதுக’ என்று நாடெங்கும் சங்கங்கள் விண்ணப்பங்களைக் குவித்தன. சாதிவாரி எண்ணிக்கை முழுமையாக வெளிவந்தது 1931ஆம் ஆண்டுக் கணக்கோடு நின்றது. 2027ஆம் ஆண்டுக் கணக்கில் சாதியும் கேட்டு எழுதப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. அதன்பொருட்டு நம்மவருள்ளும் ஊக்கம் மிகுந்துளது. அது நன்றே. ஆயினும் தலையெண்ணல் வேறு, மனமறிதல் வேறு. நாம் எத்துணைப் பேர் என்பதை அக்கணக்குக் கூறும். நம்முள் ஒரு கைம்பெண் எதற்கு அஞ்சி உறங்காதிருக்கின்றாள் என்பதை அது கூறாது. சங்கங்கள் நூறாண்டாக எண்ணிக்கையைக் காட்டிப் பிறரிடம் கேட்டன. தம்மவரைத் தாம் கேட்டது குறைவு.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். ஆனி, ஆடியிற் சாரல் பெய்ய, அருவிகளில் நீர் விழ, பல்லாயிரவர் வந்து நீராடி மகிழ்ந்து செல்கின்றனர். வந்தவர் குறையைக் கேட்பார் பலர். வந்தவர்க்கு எண்ணெய் தேய்ப்பவன், பழம் விற்பவள், வாடகைக்கு வண்டி ஓட்டுபவன், விடுதியிற் பெருக்குபவள் ஆகிய இவர்கள் சாரல் முடிந்தபின் எங்ஙனம் பிழைக்கின்றனர் என்று கேட்பார் யாவர்? 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியிற் சடுதியில் வெள்ளம் பாய்ந்து, நீராட வந்த ஒரு சிறுவனைக் கொண்டுசென்ற துயரத்தை நாம் மறந்திலோம். மலைமேல் மழை பெய்தால் நீரின் நிறமும் ஒலியும் எங்ஙனம் மாறும் என்பதை, அருவிக்கரையில் ஆண்டு முழுதும் நிற்பவர் கண்டிருப்பர். அவர் கண்டதைக் கேட்டு எழுதி உரியாரிடம் சேர்ப்பித்தல், உயிர் காக்கும் தொண்டன்றோ? மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி கைபார்த்தே உள்ளத்தை உரைத்தாள். நமக்கு அவ்வித்தை கைவாராது. வாயைக் கேட்டே அறிதல் வேண்டும்.

எங்ஙனம் கேட்பது? இதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் வழி வகுத்துள்ளார். வினா அறுவகை: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தான் அறிந்ததையே மாணாக்கனிடம் கேட்கும் ஆசிரியன் வினா அறிவினா. அது பள்ளிக்கு உரியது, வினாத்தாளுக்கு ஆகாது. ‘சங்கக் கட்டடத்திற்கு நன்கொடை தந்தீர்களா?’ என்பது வினாவின் உருவில் வந்த ஏவல், அதுவும் ஆகாது. ‘கல்வி உதவி வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டுக் கொடாது போவது, கொடைவினா போற் காட்டி ஏமாற்றுவதாம். நம் தாளில் வரவேண்டுவது அறியாவினா ஒன்றே. விடை இன்னதென முன்பே முடிவு செய்துகொண்டு கேட்பவன், கேளாதவனே.

விடையையும் அந்நூல் எண்வகையாக்கும்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘உங்கள் தெருவில் குடிநீர் போதுமா?’ என்று ஒரு வீட்டிற் கேட்கின்றோம் என்க. ‘போதும்’ என்பதும் ‘போதாது’ என்பதும் எழுத எளியன. ஆனால் நம் தாய்மார் அங்ஙனமா விடை கூறுவர்? ‘நேற்றும் நான்கு குடம் விலைக்கு வாங்கினோம்’ என்பாள் ஒருத்தி. இஃது உற்றது உரைத்தல். ‘இப்படியே போனால் பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்திவிடுவர்’ என்பாள் மற்றொருத்தி. இஃது உறுவது கூறல். ‘நீரே ஒருநாள் வந்து குடம் தூக்கிப் பாரும்’ என்பாள் வேறொருத்தி, இஃது ஏவல். ‘போதாமலா இங்கு நிற்கின்றேன்?’ என்பது வினாதல். இவற்றையெல்லாம் ஆம், இல்லை என்னும் இரண்டு கட்டங்களுக்குள் அடக்குவோமாயின், விடையின் உயிர் போய்விடும். ஆதலின் தாளின் கீழ் நான்கு வரிக்கேனும் இடம் விடுதல் வேண்டும். சொன்னவர் சொல்லைச் சொன்னபடியே எழுதுதல் வேண்டும்.

இனி, நம்முள் இருக்கும் பெருந்தடை ஒன்றைக் கூறாது விடுதல் கூடாது. நம் சங்கத்திற் கேட்பவனும் உறவு, கேட்கப்படுபவனும் உறவு. கடன் உண்டா என்று மாமன் மகன் வந்து கேட்டால், இல்லை என்றே விடை வரும். மகன் படிப்பை நிறுத்தியதை, மகள் வாழாது திரும்பியதை, நகை அடகிற் கிடப்பதைச் சம்பந்தி வீட்டார் அறிய எவர் கூறுவர்? அந்நியனிடம் சொல்லும் துன்பத்தை உறவினனிடம் மறைப்பது உலக இயல்பு. ஆகவே தாளிற் பெயர் எழுதவேண்டா. ஒரு தெருவுக்கு வேற்றுத் தெருவார் செல்க. பெண்களைப் பெண்களே கேட்க. ஆடவர் விடையைக் கேட்டு, அதனையே வீட்டின் விடை என எழுதற்க. எழுதிய தாளைப் பெட்டியில் இடுக. கமிட்டியார் ஒருவரும் தனித்துப் பிரிக்கற்க. ஒரு வீட்டின் செய்தி ஒரு திருமணப் பேச்சிற் புகுந்து கெடுக்குமாயின், அடுத்த நூறாண்டுக்கு எவரும் நமக்கு விடையளியார்.

நீரும் வழியும் பள்ளியும் மருத்துவமனையும் நம் சாதிக்கு மட்டும் உரியன அல்ல. ஆதலின், ஊர்ப்பொது பற்றிய வினாக்களை அயல் தெருவாரிடமும், எச்சாதியார் ஆயினும், சென்று கேட்டல் வேண்டும். நம் தெருவின் வாய்க்கால் அவர் தெருவில்தான் போய்த் தேங்குகின்றது.

கேட்டபின் செய்யவேண்டுவது இரண்டு. ஒன்று, கிடைத்த விடைகளைத் தொகுத்து, விடையளித்தவர்க்கே திரும்பக் கூறுதல். நம் இதழிலும் அவை வெளிவருதல் வேண்டும். மற்றொன்று, உரிய இடத்திற் சேர்த்தல். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே உளது. ஊராட்சிகளில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களிற் கிராமசபை கூட்டுதல் தமிழ்நாட்டு நடைமுறை. தென்காசி நகராட்சியும் குற்றாலம் பேரூராட்சியும் ஆதலின், அங்குள்ளார்க்குப் பகுதிசபை உண்டு. அச்சபைகளில் வெறுங்கையோடு நின்று உரத்துப் பேசுவதினும், இத்துணை வீடுகள் இங்ஙனம் கூறின என்று தாளைக் காட்டி மெல்லப் பேசுதல் வலிமையுடைத்து.

அன்பர்காள், நம் தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் ஒரு வேண்டுகோள் விடுத்துளான். பிற்காலத்து இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின், அதனைத் திருத்திக் காப்பவர் யாவராயினும் அவரைத் தான் பணிவதாக அவன் கூறுகின்றான். முடியுடை வேந்தன், பெயரும் குலமும் அறியாத பின்னோரைப் பணிந்தான். தன் செயலிற் குறை வரக்கூடும் என்பதையும், அதனைக் காண்பவர் பிறராக இருப்பர் என்பதையும் அவன் உணர்ந்திருந்தான். அப்பணிவே கேட்பவர்க்கு இலக்கணம். சங்கம் உங்கள் வாயிலுக்கு வரும்போது அப்பணிவோடு வரும். நீங்களும் தயங்காது குறையைக் குறை என்றே கூறுங்கள். முகமன் விடை வேண்டா; மெய்விடை வேண்டும். அத்தாள் நிறைவது உங்கள் கையிலுளது.