தீக்கு அஞ்சாத சிறு வீடு
(யூபிலி விழாக் கருத்தரங்கில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். கீற்றை எடுத்துவிட்டு ஓடு போட்டால் பயமில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓடு எரியாது, மெய்தான். மங்களூரில் பாசல் மிஷனார் 1865-ல் ஆலை வைத்துச் செய்த ஓட்டின் வழிவந்ததுதான் நம் வீட்டு ஓடும். (பிரிந்த சகோதரர்கள் செய்த நன்மையை மறைப்பானேன்?) ஆனால் அந்த ஓட்டைத் தாங்குவது எது? கைமரமும் ரீப்பரும். அவை எரிந்தால் ஓடு முழுவதும் தலைமேல்தான் விழும்.

மரத்துக்குப் பதில் இரும்பு போட்டால்? 1871 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் எரிந்தபோது இதற்கு விடை கிடைத்தது. ஏறத்தாழ 17,000 கட்டடங்கள் அழிந்தன. தீப்பிடிக்காது என்று நம்பி இரும்புத் தூண் நாட்டிய மாளிகைகளும் சரிந்தன. இரும்பு எரியாது, ஆனால் 550 பாகை செல்சியஸ் சூட்டிலேயே அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே ஆண்டில் ஜார்ஜ் ஜான்சன் என்பவர் இன்னொருவருடன் சேர்ந்து, உத்திரங்களுக்கு இடையே பொருத்தும் உள்கூடான சுடுமண் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னாளில் உத்திரத்தின் அடிப்பாகத்தையும் சுடுமண்ணாலேயே மூடினார்கள். சூளையில் வெந்து வந்த மண் அல்லவா! உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டை எளிதில் கடத்தாது.

நம் வீட்டுக்கு உத்திரம்கூட வேண்டாம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் கொத்தனார்கள் 'ஹாலோ ஓடு' என்று சொல்லும் இதை வரிசையாக அடுக்கி, வரிசைகளுக்கு நடுவே கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் போட்டால் போதும். சிமெண்ட் மிச்சம், பாரம் குறைவு, வெயிலும் இறங்காது. ஓட்டை முதலில் நன்றாக நனையவிடுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் நீரை அது குடித்துவிடும். கம்பிக்கு அடியில் ஓர் அங்குலமாவது கான்கிரீட் மூடவேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்தால் சிகாகோ கதைதான். அடியில் பூச்சும் அவசியம். நேரடித் தீ பட்டால் ஓட்டின் அடித்தகடு வெடித்து உதிரக்கூடும்.

வாங்கும்போது ஐ.எஸ். 3951 தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். சூளை தொலைவில் இருந்தால் லாரி வாடகையும் உடைசலும் மிச்சத்தைத் தின்றுவிடும். ஆகவே நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே லோடாக எடுப்பது நல்லது. கம்பியின் கனத்தை மட்டும் கொத்தனாரின் கைக்கணக்குக்கு விட்டுவிடாதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. தளம் போட்ட பிறகும் சிலர் வெயிலுக்குப் பயந்து மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறார்கள். ஹாலோ ஓட்டுத் தளத்துக்கு அது அநேகமாகத் தேவைப்படாது. இப்போதே போட்டிருப்பவர்கள் வரும் பங்குனிக்குள் பிரித்துவிடுங்கள்.