ஏரிக்கும் ஒரு கதவு இருக்கு: பழவேற்காட்டுப் பிளாங்க்டன் கதை

2019 ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அலையெல்லாம் நீலமா மின்னுச்சே, ஞாபகம் இருக்கா? உங்க வாட்ஸ்அப்புக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். நாக்டிலூகான்னு ஒரு மிதவை உயிர்தான் அதுக்குக் காரணம். ஒரே ஒரு செல். அலை தட்டினா ஒளி விடும். அது ஏன் ஆகஸ்ட்ல வந்துச்சு, ஜனவரில வரலைன்னு அன்னைக்கு நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்வி சில வருஷம் கழிச்சு, பழவேற்காட்டுல ஒரு படகுல உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்துச்சு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல அடிப்படை. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாம, அதோட போக்குல போற உயிர்கள் எல்லாமே பிளாங்க்டன். இதுல ரெண்டு கூட்டம். ஒண்ணு தாவர மிதவைகள். டயட்டம் மாதிரி, சூரிய ஒளில சமைச்சுச் சாப்பிடுறவை. பூமில நடக்கிற ஒளிச்சேர்க்கைல கிட்டத்தட்ட பாதி இவங்க வேலை. இன்னொண்ணு விலங்கு மிதவைகள். கோப்பிபாட்னு ஒரு மில்லிமீட்டர் அளவுல இருக்கிற ஜீவன்கள், இறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம் இதுல வரும். முதல் கூட்டத்தை ரெண்டாவது கூட்டம் தின்னும், அதை மீன் தின்னும், மீனை நாம தின்னுவோம்.

தாவர மிதவைக்கு ரெண்டு விஷயம் வேணும்: வெளிச்சம், உரம். சிக்கல் என்னன்னா, வெளிச்சம் கடலோட மேல்தளத்துல இருக்கு. நைட்ரேட், பாஸ்பேட் மாதிரி உரச்சத்து கீழே இருட்டுல கிடக்கு. செத்து மூழ்கினது எல்லாம் அங்கதானே போய்ச் சேரும்! இந்த ரெண்டையும் யாராவது சேர்த்து வைக்கணும். அந்த வேலையைச் செய்யறது காற்று.

மெரினால கடல் வலது பக்கம் இருக்கிற மாதிரி, வடக்கே பார்த்து நில்லுங்க. தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், ஏறக்குறைய உங்க முதுகுப் பக்கம் இருந்து கரையோரமா அடிக்கும். பூமி சுத்துறதால, நம்ம வட அரைக்கோளத்துல அந்தக் காற்று தள்ளுற மேல்நீர் மொத்தமா வலது பக்கம், அதாவது கரையை விட்டு வெளியே நகரும். அது விட்டுட்டுப் போன இடத்தை நிரப்ப, கீழே இருந்து குளிர்ந்த, உரச்சத்து நிறைஞ்ச தண்ணி மேல வரும். இதுக்குப் பேர் மேலெழுச்சி. உரம் வெளிச்சத்துக்கு வந்த சில நாள்ல டயட்டம் பெருகும். பின்னாடியே அதைத் தின்ன நாக்டிலூகா, கோப்பிபாட் எல்லாம் வரும். ஆகஸ்ட் மாச நீல அலைக்குப் பின்னாடி இப்படி ஒரு பந்தி நடந்திருக்கலாம்.

ஆனா வங்காள விரிகுடால இதுக்கு ஒரு தடை இருக்கு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணான்னு இத்தனை ஆறும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டுது. நன்னீர் எடை குறைவு, உப்புநீர் மேல மூடி மாதிரி படுத்துக்கும். காற்று அந்த மூடியைத் தள்ளத் திணறும். அதனாலதான் அரபிக்கடல் அளவுக்கு நம்ம பக்கம் விளைச்சல் இல்லை. கேரளாக் கரைல மேலெழுச்சி பலமா இருக்கிறதால மத்தி குவியும். ஆனா அங்கேயும் உத்தரவாதம் கிடையாது. 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிச்ச கேரளா, 2021-ல் சில ஆயிரம் டன்தான் பிடிச்சுது.

சரி, இப்போ ஏரிக்கு வருவோம். பொன்னேரி வரைக்கும் சபர்பன் ரயில், அங்கிருந்து பஸ். பழவேற்காடு இந்தியாவோட ரெண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி, ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா. பல இடத்துல இறங்கி நடந்தே போயிடலாம், அவ்வளவு ஆழம் குறைவு.

ஏரிக்குக் கீழே இருந்து ஏறி வர ஆழ்கடல் கிடையாது. அப்போ உரம் எங்கிருந்து வருது? நிலத்துல இருந்து. அக்டோபர்–டிசம்பர் வடகிழக்கு மழைல ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வண்டலோட வந்து சேருது. அப்போ தண்ணி கலங்கிக் கிடக்கும், உப்பு ரொம்பக் குறைஞ்சிடும், உள்ளே வெளிச்சம் போகாது. உப்பு தேடுற கடல் டயட்டம் ஒதுங்கிக்கும், நன்னீர்ப் பாசி இடம் பிடிக்கும். மழை விட்டு, வண்டல் படிஞ்சு, வெயில் ஏறினதும் காட்சி மாறும். உரம் ஏற்கனவே உள்ளே இருக்கு, வெளிச்சமும் வந்தாச்சு, கடல்நீர் உள்ளே ஏறி உப்பும் கூடுது. கடல் டயட்டம் திரும்பி வந்து பெருகும்.

அதாவது கடலோரத்துல தென்மேற்குக் காற்று பரிமாறுற சாப்பாட்டை, ஏரில வடகிழக்கு மழை பரிமாறுது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தண்ணி, ரெண்டு காலண்டர்!

இந்த ரெண்டையும் இணைக்கிறது முகத்துவாரம். வெள்ளை இறால் முட்டையிடுறது கடல்ல. நகம் அளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையேற்றத்துல இந்த வாய் வழியாத்தான் ஏரிக்குள்ள வரும். இங்க மிதவைகளையும் சேத்துல இருக்கிறதையும் தின்னு வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். கோடைல ஆத்துத் தண்ணி வரத்து நின்னதும் அலை மணலைக் கொண்டு வந்து வாயை அடைச்சிடும். அடைச்சா குஞ்சு வராது. உள்ளே வெயில் தண்ணியைக் குடிக்கும், உப்பு மட்டும் மிஞ்சும். கடல்நீர்ல லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புன்னா, இந்த ஏரில 50 கிராமைத் தாண்டின கோடைகள் உண்டு. அதைத் தாங்குற சில இன மிதவைகள் மட்டும் மிஞ்சும்.

நான் போனது ஒரு மே மாசம். படகு ஓட்டின அண்ணன்கிட்ட "இப்போ இறால் சீசனா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, மாசத்தைக் கேட்காதீங்க தம்பி, வாய் திறந்திருக்கான்னு கேளுங்கன்னார்.

நான் சாஃப்ட்வேர் ஆள். சீசன்னா எனக்கு ஒரு டைமர்: தேதி வந்தா ஓடும். அவர் சொன்னது, இது டைமர் இல்லை, கண்டிஷன். வெளிச்சம், உரம், உப்பு, வாய், நாலும் சரியா அமைஞ்சாத்தான் ஓடும். ஒண்ணு தவறினாலும் மாசம் வந்துட்டுப் போயிடும், மீன் வராது.

இதுல யார் மாட்டிக்கிறாங்கன்னு பாருங்க. இங்க மீனவக் கிராமங்கள்ல பாடு முறைன்னு ஒண்ணு இருக்கு. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல எந்த இடத்துல, எந்த நாள், யார் வலை போடலாம்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. உங்க முறை வர அன்னைக்கு வாய் அடைச்சிருந்தா, உங்க கைல இருக்கிறது வெறும் முறை மட்டும்தான். சேத்துல கையாலத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அந்த முறையும் கிடையாது, படகும் கிடையாது. அவங்க முழுக்க ஏரியை நம்பித்தான் இருக்காங்க.

அதனாலதான் அடைச்ச வாயை மீனவங்களே கூடி வெட்டித் திறந்த வருஷங்கள் உண்டு. அது நிரந்தரமாத் திறந்திருக்கணும்னு அவங்க பல வருஷமாக் கேட்டதும் இதுக்காகத்தான். நமக்கு அது ஒரு மணல்மேடு. அவங்களுக்கு அது அடுத்த மாசச் சம்பளம்.

அடுத்த தடவை காசிமேட்டுல இறால் விலை ஏறியிருந்தா, சும்மா சலிச்சுக்காம ஒரு கேள்வி கேளுங்க: ரெண்டு மூணு மாசம் முன்னாடி காற்று எப்படி அடிச்சுது, மழை எவ்வளவு பெஞ்சுது, வாய் திறந்திருந்துதா? பதில் அங்க எங்கேயோதான் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.