குளிரும் குடியிருப்பும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயச் சங்கத்தின் மேடையிலே அடுப்பையும் கூரையையும் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நமது துணிபு. மலைச்சாரலிலே நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றியது தமிழ்ச் சமுதாயம். மயிலுக்கு இரங்கிய மரபில் வந்த நாம், லயத்துக் காம்பராவிலே நடுங்கும் குழந்தைக்கும் கிழவருக்கும் என் செய்யப் போகிறோம் என்று சிந்திப்பது கடமையன்றோ?

நுவரெலியா கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 6,100 அடி உயரத்தில் உள்ளது; அட்டன் 4,100 அடிக்கு மேற்பட்டது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளிலே நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி படிவதும், தேயிலைச் செடி பனியிற் கருகுவதும் நாம் அறிந்தவையே. குளிர் நாடுகளில் வீட்டினுள்ளே 18 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் இருத்தல் நலம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியிற் கூறியுள்ளது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமோ ஏறக்குறைய 16 பாகைதான். இராக்காலத்து நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்குளிரை வெள்ளைக்காரத் துரைமார் நன்கு உணர்ந்திருந்தனர். 1876-இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பிலும், தோட்டத்துப் பங்களாக்களிலும் கல்லாலான கணப்பும் கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கியும் அமைத்துக்கொண்டனர். அதே மலையில், அதே பனியில், தொழிலாளிக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, மேலே தகரம், கீழே புகைபோக்கியில்லாத அடுப்பு. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் ஸ்டோரிலே காற்றின் சூட்டை மானி வைத்து அளக்கின்றனர். கொழுந்துக்குள்ள கணக்கு அதைக் கிள்ளிய கைக்கு இல்லாமற் போயிற்று.

முதலிற் கூரையைப் பார்ப்போம். சூடேறிய காற்று மேலே செல்லும். தகரமோ வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் சிறிதும் இல்லாதது. 120 சதுர அடித் தகரக் கூரை வழியே, உள்ளும் புறமும் 10 பாகை வேறுபட்ட இரவிலே ஏறக்குறைய 700 வாட் வெப்பம் வெளியே போய்விடும். குடும்பமே மூச்சுவிட்டும் அடுப்பெரித்தும் உண்டாக்கிய ஈரம் அக்குளிர்ந்த தகரத்திற் பட்டு நீராகிப் படுக்கையிற் சொட்டும். பகல் வெயிலில் அதே தகரம் காய்ந்து காம்பராவை வேகவைக்கும். இவ்விரண்டிற்கும் மருந்து ஒன்றே: தகரத்தின்கீழ் ஓர் உட்கூரை. நாலு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையாற் சீலிங் அடித்தாலும், இடையிலே அடைபட்ட காற்று போர்வைபோல் நின்று வெப்ப இழப்பைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். கம்பளி நம்மைக் காப்பதும் தன்னுள் அடைத்த காற்றினாலேயே. சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்துகளை அடைப்பதும், கதவின் அடியிலே துணிச் சுருள் வைப்பதும் செலவில்லாத வேலைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொலித்தீனையும் ரெஜிபோமையும் அடுப்புக்கு மேலே கட்டலாகாது. ஒரு பொறி பட்டால் அவை உருகி எரியும். ஒரே கூரையின் கீழுள்ள வரிசையில் ஒரு காம்பராவின் தீ முழு லயத்தையும் கொண்டுபோகும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை வாளால் அறுப்பதும், உலர்ந்தபடி தேய்ப்பதும் ஆகா. அத்தூசி சுவாசப்பைக்கு நஞ்சு.

அடுத்தது அடுப்பு. வீட்டினுள்ளே எழும் அடுப்புப் புகையால் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. பகலெல்லாம் மலையிலே கொழுந்தெடுத்து, மாலையிலே புகையின்முன் குந்தும் நம் தாய்மாரின் இருமலை நினைத்துப் பாருங்கள். புகைபோக்கி ஆடம்பரமன்று; அது அந்த வீட்டின் மூச்சுக்குழல். அது வளைவின்றி நேராக மேலே சென்று, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர்ந்து, அருகிலுள்ள கூரை உச்சியினும் இரண்டடி மேலே நிற்கவேண்டும். தாழ்ந்து நின்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். உட்கூரைப் பலகை குழாயைத் தொடாதபடி இடைவெளி விடுதலும் மிக அவசியம்.

விறகையும் கவனிக்கவேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையிற் பாதியளவு நீர் இருத்தல் கூடும். அதை எரித்தால் சூட்டின் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகி, புகையும், குழாயில் ஒட்டும் கரிப்பிசினும் மிகும். கவ்வாத்து மிலாறானாலும் கட்டை விறகானாலும் மழைபடாத, காற்றோடும் இடத்திலே பல மாதம் அடுக்கி உலர்த்தியபின்பே எரிக்கவேண்டும். குழாயை மழைக்காலத்துக்கு முன்னும் மார்கழிக்கு முன்னும் துடைத்துவிட்டால் புகைபோக்கியிலே தீப்பற்றும் அபாயம் குறையும்.

கரிச்சட்டியை மூடிய காம்பராவில் வைத்துக்கொண்டு உறங்கும் வழக்கத்தை இன்றோடு விட்டொழிக்க வேண்டும். கரி நெருப்பிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். சந்துகளை அடைக்கச் சொன்ன நாமே, நெருப்புள்ள அறையிலே காற்று வந்துபோகச் சிறு துவாரம் வைக்கவேண்டும் என்றும் சொல்கிறோம். தலைவலி, மயக்கம் தோன்றினால் உடனே வெளியே வந்துவிடுதல் வேண்டும்.

மின்சாரக் கணப்பு வாங்கலாமே என்று இளைஞர் கேட்கக்கூடும். 2,000 வாட் கணப்பை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எரித்தால் மாதத்தில் 180 அலகு செலவாகும். அதன் பட்டியலை நாட்சம்பளக்காரர் தாங்குவாரா? பழைய லயத்தின் மின்கம்பிதான் அந்தச் சுமையைத் தாங்குமா? ஆதலால் முதலில் உட்கூரை, அடுத்துப் புகைபோக்கி, கம்பியைத் தேர்ந்தவர் பரிசோதித்தபின் கடைசியிலே கணப்பு என்பதே சரியான வரிசை.

இவ்வளவும் சொன்னபின் பெரியோர் ஒருவர், “தம்பி, காம்பரா நம்முடையதா? ஆணி அடிப்பதற்கும் துரையைக் கேட்கவேண்டுமே!” என்பார். உண்மை. குளிரின் வேர் அங்கேதான் இருக்கிறது. தனதல்லாத கூரைக்குச் செலவுசெய்ய யாருக்கு மனம் வரும்? 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. எசமானர் மாறினரேயன்றி, பெரும்பாலான லயங்களில் தகரத்தின் கீழிருந்தவர் நிலை மாறவில்லை. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவி அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டமும் வந்தது. காணி உறுதியோடு வரும் வீடு ஒவ்வொன்றும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அவ்வீடு சமவெளிக்கு வரைந்த படத்தின்படி எழுந்தால் பழைய குளிர் புதிய சுவருக்குள்ளும் குடியேறும். அத்திவாரம் வெட்டுமுன்பே புகைபோக்கி எங்கே, உட்கூரை எங்கே என்று கேட்கவேண்டும். கட்டியபின் கேட்டாற் செலவு இருமடங்காகும்.

வாலிப அன்பர்களே, மார்கழி விடியலிலே பஜனை பாடிக்கொண்டு லயந்தோறும் செல்கிறீர்கள். எந்தக் காம்பராவிலே இருமல் கேட்கிறது, எந்தக் கூரையிலே புகைபோக்கி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்களுள்ளே தச்சர் உண்டு, மேசன் உண்டு, மின்வேலை தெரிந்தவர் உண்டு. நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்று, தனித்திருக்கும் முதியோர், கைக்குழந்தையுள்ளோர் என்ற வரிசையிலே, மாதம் ஒரு காம்பராவைச் சிரமதானமாகச் சீர்செய்தால் அடுத்த ஆண்டு மலரிலே பன்னிரண்டு வீடுகளின் கணக்கை எழுதலாம். வேள்வித் தீயை விதிப்படி வளர்க்கும் நாம், வீட்டுத் தீயையும் விதிப்படி வளர்ப்போமாக.