சொறியும் பவளமும்



பொருநையாறு புன்னைக்காயலில் கடலொடு கலக்கின்றது. 1986 வரை நெல்லை மாவட்டமாகவும், அதன்பின் தூத்துக்குடி மாவட்டமாகவும் விளங்கும் அக்கரையில், வலையிழுக்கும் பரதவர் கண்ணாடி போன்றதோர் உயிரை மீன்களினின்று பிரித்து, வெறுங்கை படாமல் எறிவர். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் சொறி.

ஏடறிந்தோர்க்கோ அது 'இழுது மீன்'! ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை. அப்பெயரிலுள்ள பிழையும் உடன் குடிபுகுந்தது. மீனுக்கு முதுகெலும்புண்டு, செவுளுண்டு. சொறிக்கு இரண்டுமில்லை, மூளையும் குருதியுங்கூட இல்லை. உடலில் நூற்றுக்கு 95 பங்கு நீர். உண்பதும் கழிப்பதும் ஒரே வாயால். உள்ளே குழிவான வயிறொன்றே. குழியுடலிகள் என்னும் பெயர் அதனால் வந்தது.

இற்றை அறிவியலார் இத்தொகுதிக்கு இட்ட பெயரோ, தொட்டால் அரிக்கும் செடியொன்றின் கிரேக்கப் பெயரினின்று பிறந்தது. தமிழில் அத்தகு செடி காஞ்சொறி! கொட்டும் அணுக்களே இவ்வினத்தின் தனியடையாளம். ஒவ்வோரணுவிலும் நுண்பையொன்றில் சுருண்டு கிடக்கும் இழை, தொட்ட கணமே பாய்ந்து நஞ்சேற்றும். கரையொதுங்கிச் செத்த சொறியும் கொட்டுவது இதனாற்றான். நூலறியாப் பரதவர் எதைக் கண்டு பெயரிட்டனரோ, அதையே கண்டு அறிவியலாரும் பெயரிட்டனர்.

குளத்துப் பாசியில் ஒட்டி வாழும் ஐதராவும், கடற்சாமந்தியும், பவளமும் சொறிக்கு உறவுகளே. சொறியினங்கள் பலவும் இளமையில் பாறையில் ஒட்டிய சிறு குழலுயிர்களே. தட்டுகளை அடுக்கினாற்போல் பிளவுற்று, ஒவ்வொரு தட்டும் நீந்தும் சொறியாகும். பவள உயிர் நீந்தும் வடிவம் எய்துவதில்லை. ஒட்டிய இடத்திலேயே கிளைத்துச் சுண்ணக் கூடு கட்டும். மகளிர் அணியும் செம்பவளம் நடுநிலக் கடலினின்று வந்தது. மன்னார்க் கடலின் திட்டுப் பவளம் வேறு.

இங்குத் தமிழ்ப் பெயரும் வழுவியதை மறைக்க வேண்டா. முருகைக்கல் என்றனர், கல்லென்றே கருதிச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டினர். 1986இல் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் காப்பிடமாயிற்று. 2001இல் திட்டுப் பவளங்கள் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் ஏறின. வெட்டு குறைந்தது; வெப்பம் குறையவில்லை. பவளத்துள் வாழ்ந்து அதற்கு உணவூட்டுவது நுண்பாசி. கடல் சூடேறின் அப்பாசி நீங்கும், பவளம் வெளுக்கும், சூடு நீடிப்பின் மாளும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் அவ்வாறே வெளுத்தன.