சராசரி வருமானம் யாருடையது?



மறைமலைநகர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய துணைநகரம். 2011 கணக்கெடுப்பில் 81,872 பேர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. இடையில் வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தார்கள், அடுக்ககங்கள் எழுந்தன, 2022இல் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

"ஊர் வளர்ந்துவிட்டது, இனி யார் சாதி பார்க்கிறார்கள்?" என்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" சம்பளச் சீட்டைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரே ஆலையில் ஒரே சம்பளம் வாங்கிய இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடிய மறுமாதம் ஒருவருக்கு அப்பாவின் நிலத்தில் கட்டிய வீடுகளிலிருந்து வாடகை வருகிறது. மற்றவருக்குக் காலனி வீடு, அதுவும் பட்டா இல்லாமல். சம்பளம் இருந்தவரை இந்த வித்தியாசம் எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியவில்லை.

நிலம் ஏன் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது? இதே செங்கல்பட்டின் ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டே பஞ்சமி நில அரசாணை வந்தது. கொடுத்த நிலம் கைமாறிப் போனது. அதை மீட்க இதே மாவட்டத்துக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994இல், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். அப்போது இங்கே ஃபோர்டு இன்னும் வரவில்லை.

2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. நாம் கேட்க வேண்டியது ஒன்று: சொந்த வீடா வாடகையா என்ற பதிலைச் சாதியோடு சேர்த்து, வார்டு வாரியாக வெளியிடு. மாநிலச் சராசரி போதாது.