அலமாரியில் உறங்கிய மருந்து

(சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழ்த் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



ஒட்டுண்ணி நோய் என்றால் சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் உடனே நினைவுக்கு வருவது யானைக்கால் நோய்தான். காலா அசார் இங்கு பலரும் கேள்விப்படாத பெயர். பீகாரில் ஈரம் கசியும் மண்சுவர்களின் விரிசலில் ஒதுங்கும் மணல் ஈக்கள் கடிப்பதால் அது பரவுகிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், சிகிச்சை இல்லையேல் மரணம். முசாகர் போன்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களே அதற்கு அதிகம் இரையாயின. ஆயினும் அந்நோய்க்கான மருந்தொன்றின் வரலாறு, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் தலைநகரான ஐதராபாத்தையும் தொடுகிறது.

1920களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். இவ்வகை ஆண்டிமனி மருந்துகள் பல்லாண்டுகள் உயிர்காத்தன. 1990களிலோ வட பீகாரில் ஒட்டுண்ணி அவற்றுக்கு அடங்க மறுத்தது; பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அவை பலனளிக்கவில்லை.

இதற்கிடையே, அமீபா சீதபேதி போன்ற குடல் தொற்றுகளுக்காக 1950களில் வந்த பரோமோமைசின் என்னும் ஆண்டிபயாடிக் இருந்தது. காலா அசார் ஒட்டுண்ணி வகையையும் அது தாக்கும் என்பது 1960களிலேயே தெரியும். பிறகு ஏன் நாற்பதாண்டுத் தாமதம்? நோயாளியிடம் பணமில்லை; பழைய மருந்தில் காப்புரிமை லாபமுமில்லை. அறிவியல் காத்திருக்கவில்லை, மூலதனம்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

2003இல் பீகாரில் நான்கு மையங்களில் 667 நோயாளிகளிடம் இறுதிக்கட்டச் சோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு ஓர் ஊசி வீதம் 21 நாட்கள். குணமானோர் 94.6 சதவீதம், ஒப்பீட்டுக்கான ஆம்போடெரிசின் மருந்தில் 98.8. 2006 ஆகஸ்டில் இந்திய அரசின் அனுமதி கிடைத்தது. மருந்தைத் தயாரித்தது ஐதராபாத்தின் கிளாண்ட் பார்மா. முழுச் சிகிச்சைக்கான மருந்துக்கும் சில நூறு ரூபாயே ஆயிற்று.

சோதனையை நடத்தியது ஒன்வேர்ல்டு ஹெல்த் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம். பணம் பெரும்பாலும் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மருந்து நல்லதே, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்திய ஏழையின் நோய்க்கு அமெரிக்கக் கோடீசுவரரின் மனம் கனிய வேண்டியிருந்தது ஏன்?

கூலியாளுக்கு 21 நாள் ஊசி என்பது 21 நாள் கூலி இழப்பு என்பதையும் மறக்கலாகாது. அந்த வகையில், 2014 முதல் அரசுத் திட்டம் ஒரே நாளில் முடியும் லிப்போசோம் ஆம்போடெரிசினுக்கு மாறியது சரியே. அதுவும் பழைய பூஞ்சைக்கொல்லி மருந்தின் புதிய வடிவம்தான். ஆனால் அது வந்தது கிலியட் நிறுவனத்தின் நன்கொடையாக.

சோவியத் உதவியோடு 1961இல் நிறுவப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லின் தொழிற்சாலை அதே ஐதராபாத்தில் உற்பத்தியின்றி மூடிக் கிடக்கிறது.