வீட்டு முயலுக்கு என்ன தீவனம்?

பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிற முயல் திடீரென்று வயிறு உப்பிச் செத்துப்போனால், முதலில் அதற்குப் போட்ட தீவனத்தைப் பாருங்கள். சோறும் பிஸ்கோத்தும் முயல் குடலுக்கு ஆகாது, நார்ச்சத்துதான் வேண்டும். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்துத் தின்றால்தான் தேயும். அருகு, கொழுக்கட்டைப் புல் இவற்றைப் பூசணம் பிடிக்காமல் உலர்த்தி, எந்நேரமும் கூண்டில் போட்டு வையுங்கள். மருந்தடித்த வயல் புல் கூடவே கூடாது. கீரை ஒரு கைப்பிடி, கேரட் ஒரு சிறு துண்டு போதும். புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாரத்தில் பழக்குங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் முடங்கினால், மறுநாளுக்கென்று வைக்காதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.